'பண்ணிரலாம் சார்' என்று சொல்லும் முன்: ஜப்பானிய, கொரிய ஆலைகளில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு

காலை ஐந்தரை மணிக்கே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் பக்கத்துச் சாலைகளில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டிவிடும். ஹூண்டாய் 1996இல் இங்கே கால்வைத்து, 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. சாம்சங் ஆலை 2007இலும் நிஸான் கூட்டணியின் ஒரகடம் ஆலை 2010இலும் வந்தன. பிறகு யமஹா வல்லம் வடகாலுக்கு வந்தது. இவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் ஜப்பானிய, கொரிய கம்பெனிகளும் சுற்றிலும் முளைத்தன. ஐடிஐயோ டிப்ளமோவோ பி.இ.யோ முடித்த நம் பிள்ளைகளில் பலருக்கு முதல் வேலை இங்கேதான். மெஷினைப் பழகப் பயிற்சி தருகிறார்கள். பக்கத்தில் நிற்கும் வெளிநாட்டு அதிகாரியோடு பழக யாரும் சொல்லித் தருவதில்லை. ஆறு மாதத்தில் "இங்க மனுஷன் இருக்க முடியாது" என்று இவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். "சொன்னதைச் செய்யமாட்டார்கள்" என்று அவர் தலைமை அலுவலகத்துக்கு எழுதுகிறார்.

இந்தச் சண்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், முக்கால்வாசி ஒரே இடத்தில் தொடங்குவது தெரியும். கெட்ட செய்தியை எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்பதில் இரு தரப்புக்கும் வேறு வேறு பழக்கம். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் பழகப் பழக வந்துவிடும். அதனால் அந்தப் பகுதிக்குத்தான் இங்கே இடம் அதிகம்.

சேருவதற்கு முன்பே: பெயர்

சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் வருஷக்கணக்கில் உறுத்தும். நம் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான் உண்டு. விண்ணப்பப் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவிடுகிறோம். ஜப்பானியர்கள் குடும்பப் பெயரோடு 'சான்' சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். முடிவில் செந்திலை எல்லாரும் 'ராமசாமி-சான்' என்று அழைப்பார்கள். யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் செந்தில் நின்றுகொண்டிருப்பான், கூப்பிட்டவர் இவன் மதிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

படிவத்தில் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள், அதை மாற்ற முடியாது. ஆனால் அடையாள அட்டையிலும் மின்னஞ்சலிலும் என்ன பெயர் தெரிய வேண்டும் என்று மனிதவளப் பிரிவில் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயர் சேர்ந்த பெண்கள் இதை மறக்காமல் செய்ய வேண்டும். அதிகாரியிடம் அறிமுகம் செய்துகொள்ளும்போது, "செந்தில் என் பெயர், ராமசாமி என் அப்பா பெயர், என்னைச் செந்தில் என்றே கூப்பிடுங்கள்" என்று ஒருமுறை சொன்னால் போதும்.

அவர்களை எப்படிக் கூப்பிடுவது? ஜப்பானியர் என்றால் குடும்பப் பெயரோடு 'சான்': தனகா-சான், சுசுகி-சான். உங்களைப் பற்றிச் சொல்லும்போது உங்கள் பெயரோடு 'சான்' போடக் கூடாது. கொரியர்களிடம் பதவிதான் பெயர் மாதிரி. சாவோன், தேரி, க்வாஜாங், சாஜாங், பூஜாங் என்று ஏறிக்கொண்டே போகும் படிகள் உண்டு. அதோடு 'நிம்' என்ற மரியாதை விகுதி. 'கிம் பூஜாங்-நிம்' என்றால் கிம் என்ற துறைத் தலைவர். பல கொரிய கம்பெனிகள் இப்போது இந்தப் படிகளைக் குறைத்துவிட்டன. ஆகவே உங்கள் ஆலையில் எது வழக்கம் என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 'சார்' என்று கூப்பிட்டாலும் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுதான் சிக்கல். கொரியர் உங்கள் வயதைக் கேட்டால் வம்பு என்று எண்ண வேண்டாம். யார் மூத்தவர் என்று தெரியாமல் அவர்களால் பேச்சைத் தொடங்கவே முடியாது. அண்ணன், தம்பி என்று முறை வைத்துப் பேசும் நமக்கு இது புரியாத விஷயமல்ல.

விசிட்டிங் கார்டோ, ரிப்போர்ட்டோ, டீக் கோப்பையோ, எதையும் இரண்டு கையால் கொடுத்து இரண்டு கையால் வாங்குங்கள். இடது கையால் நீட்டக் கூடாது என்று வீட்டில் கற்றுத்தந்தது இங்கே உதவும். வாங்கிய கார்டைப் பின்பாக்கெட்டில் செருகாதீர்கள். கொரியர் பெயரைச் சிவப்பு மையில் எழுதாதீர்கள், அபசகுனமாக நினைப்பார்கள்.

செக் ஷீட்டில் போடும் குறி

முதல் வாரத்திலேயே உங்கள் கையில் ஒரு செக் ஷீட் கொடுப்பார்கள். நம் பள்ளிக்கூடத்தில் டிக் என்றால் சரி. ஜப்பானிலும் கொரியாவிலும் பரீட்சைத் தாளில் சரியான விடைக்கு வட்டம் போடுவார்கள், தவறான விடைக்கு டிக் மாதிரி ஒரு கோடு இழுப்பார்கள். செக் ஷீட்டிலோ டிக் என்றால் 'பார்த்தாகிவிட்டது' என்றும் பொருள் உண்டு. பார்த்ததில் நன்றாக இருந்ததா, மோசமாக இருந்ததா என்பது டிக்கில் தெரியாது. நீங்கள் இருபது கட்டத்திலும் டிக் போட்டு வைத்தால், வருகிறவர் என்ன நினைப்பார் என்று சொல்ல முடியாது.

○ என்றால் சரி. × என்றால் சரியில்லை, 'என்ஜி' என்று வாயால் சொல்வதும் இதைத்தான். △ என்றால் கவனிக்க வேண்டியது, அரைகுறை. இந்த மூன்றையும் பயன்படுத்துங்கள். ஷீட்டின் அடியில் குறிகளுக்கு விளக்கம் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள்; இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். அளவு எடுக்க வேண்டிய இடத்தில் குறி போடாமல் எண்ணை எழுதுங்கள். அளக்காமலேயே வட்டம் போட்டு நிரப்புவது நம் ஊரில் பல இடங்களில் நடக்கிறது. அது ஒருமுறை பிடிபட்டால், அதற்குப் பின் நீங்கள் எழுதும் எந்த எண்ணையும் அவர் நம்பமாட்டார். அந்த நம்பிக்கையைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

'ஆமாம்' என்ற சொல்

ஜப்பானியர் பேச்சின் நடுவே 'ஹாய், ஹாய்' என்பார். 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று அர்த்தம், ஒப்புக்கொண்டார் என்றல்ல. நாம் 'ம்... சொல்லுங்க' என்பதற்குச் சமம். 'கொஞ்சம் கஷ்டம்' என்று இழுத்தாலோ, பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சினாலோ, 'யோசித்துப் பார்க்கிறோம்' என்றாலோ பெரும்பாலும் 'முடியாது' என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையையும் பெருக்கல் குறி மாதிரி மடக்கினால் திட்டவட்டமான மறுப்பு.

நம் பக்கத்தில் உள்ள சிக்கல் தலையாட்டல். பக்கவாட்டில் நாம் ஆட்டும் தலை அவர்களுக்கு 'இல்லை' மாதிரியும் இருக்கும், 'பார்க்கலாம்' மாதிரியும் இருக்கும். தலையை ஆட்டும்போது வாயாலும் சொல்லிவிடுங்கள்.

அதைவிடப் பெரிய குழப்பம் எதிர்மறைக் கேள்வியில் இருக்கிறது. 'இன்னும் முடியலையா?' என்று கேட்டால் தமிழில் 'ஆமா, முடியல' என்போம். ஜப்பானியரும் கொரியரும் அவரவர் மொழியில் அப்படித்தான் பதில் சொல்வார்கள். ஆங்கிலத்திலோ அது நேர் எதிர். இருவரும் ஆங்கிலத்தில் பேசும்போது, ஒருவர் ஆங்கில முறையிலும் மற்றவர் தாய்மொழி முறையிலும் பதில் சொல்ல, முடிந்த வேலை முடியாததாகவும் முடியாதது முடிந்ததாகவும் ஆகிவிடுகிறது. வெறும் 'எஸ்', 'நோ' வேண்டவே வேண்டாம். "40 முடிந்தது, 10 பாக்கி, நாலு மணிக்கு முடியும்" என்று எண்ணோடு சொல்லுங்கள்.

வாக்கியத்தில் வினை கடைசியில் வருவது மூன்று மொழிக்கும் பொது. கொரியக் குழந்தையும் 'அப்பா' என்றுதான் கூப்பிடும், அம்மாவை 'ஒம்மா' என்னும். இந்த ஒற்றுமையை எடுத்துச் சொன்னால் எந்தக் கொரியர் முகத்திலும் சிரிப்பு வரும். பேச்சைத் தொடங்க நல்ல வழி.

கெட்ட செய்தி: அதிகம் பழக வேண்டியது இதுதான்

நம் வளர்ப்பில், பெரியவர் ஒன்று கேட்டால் 'முடியாது' என்று முகத்துக்கு நேராகச் சொல்வது மரியாதைக் குறைவு. "பண்ணிரலாம் சார்" என்று சொல்லிவிட்டு, முடிந்தவரை முயன்று, முடியாவிட்டால் கடைசியில் தலையைச் சொறிகிறோம். இதில் பொய் சொல்லும் எண்ணம் துளியும் இல்லை. அவரை அப்போதே ஏமாற்றத்துக்கு ஆளாக்க வேண்டாம் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் கேட்டவர் அந்தச் சொல்லை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு தன் மேலிடத்துக்கு நேரம் குறித்துச் சொல்லிவிட்டார். சாயங்காலம் வேலை முடியாதபோது அவருக்கு வரும் கோபம் தாமதத்தினால் வருவதல்ல. 'காலையிலேயே தெரிந்திருந்தும் என்னிடம் சொல்லவில்லை' என்பதுதான் அவருக்குப் பொறுக்காதது.

நமக்கு இன்னொரு பழக்கமும் உண்டு, 'சமாளிப்பது'. வீட்டிலும் வயலிலும் பட்டறையிலும் சமாளிக்கத் தெரிந்தவன்தான் கெட்டிக்காரன். லைனில் அது எப்படிப் போய் முடிகிறது என்று ஒரு நிகழ்வை நிறுத்திப் பார்ப்போம்.

இரண்டாவது ஷிப்ட், இரவு 9:40. ஒரு பிராக்கெட்டை ஃபிக்ஸ்சரில் (பொருளை அசையாமல் பிடிக்கும் தாங்கியில்) வைத்து பின்னைச் செருக வேண்டும். ஒரு பீஸுக்கு 55 விநாடி. பின் துளைக்குள் இறங்கவில்லை. ஆபரேட்டர் பக்கத்து டேபிளிலிருந்து உருண்டை அரத்தை எடுத்து, துளையின் உள்வாயில் இரண்டு இழுப்பு இழுக்கிறார். பின் இறங்குகிறது. அடுத்த பீஸும் அப்படியே. ஷிப்ட் முடிவதற்குள் 38 பீஸ். டார்கெட் எட்டியாகிவிட்டது, "லைனை நிக்க விடாம ஓட்டினான்" என்று சூப்பர்வைசர் தோளைத் தட்டுகிறார்.

காலையில் ஜப்பானிய இன்ஜினியர் ஃபிக்ஸ்சர் அடியில் இரும்புத்தூளைப் பார்க்கிறார். விரலால் தொட்டுப் பார்க்கிறார். 'இது எங்கிருந்து வந்தது?' என்று கேட்கிறார். விஷயம் தெரிந்ததும் அவர் முகம் மாறிவிடுகிறது. சப்ளையரின் டை (துளை போடும் அச்சு) தேய்ந்து துளை இடம் மாறியிருக்கிறது. அரத்தால் ராவிய துளை பெரிதாகிவிட்டதால், வண்டி ஓடும் அதிர்வில் அங்கே ஆட்டம் கொடுக்கும். எந்த 38 பீஸ் ராவப்பட்டது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. அதனால் அந்த ஷிப்டில் போன மொத்தத்தையும் நிறுத்தி, பிரித்து, ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். 'ஏன் நிறுத்தவில்லை?' என்று அவர் கத்துகிறார். 'லைனைக் காப்பாத்தினவனையா திட்டறீங்க?' என்று சூப்பர்வைசர் மனதுக்குள் கொதிக்கிறார். இருவரும் நேர்மையானவர்கள். ஆனாலும் அன்று முதல் அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

லைனை நிறுத்தினால் திட்டு விழும் என்று நாம் பயப்படுகிறோம். ஜப்பானிய முறையில், தப்பு தெரிந்தும் நிறுத்தாமல் ஓட்டுவதுதான் பெரிய தப்பு. தலைக்கு மேல் தொங்கும் அண்டான் கயிறும் விளக்கும் அதற்காகவே இருக்கின்றன. அந்த இடத்தில் செய்ய வேண்டியவை இவை:

1. முதல் பீஸிலேயே நிறுத்துங்கள். அண்டான் இருந்தால் இழுங்கள், இல்லையென்றால் டீம் லீடரைக் கூப்பிடுங்கள். ஜப்பானியர்கள் புதியவர்களுக்குக் கற்றுத்தரும் மூன்று சொல் 'நிறுத்து, கூப்பிடு, காத்திரு'. மூன்றாவதுதான் நமக்குக் கடினம். கூப்பிட்டுவிட்டு, அவர் வருவதற்குள் நாமே ஏதாவது செய்துபார்ப்போம்.

2. சந்தேகப்படும் பீஸ்களைச் சிவப்புத் தொட்டியில் போட்டு, எண்ணி, துண்டுச் சீட்டில் நேரத்தோடு எழுதுங்கள்.

3. பத்து நிமிடத்துக்குள் முதல் தகவல் மேலே போக வேண்டும். காரணம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. என்ன நடந்தது, எந்த லைன், எத்தனை பீஸ், எத்தனை மணியிலிருந்து, இப்போதைக்கு என்ன செய்திருக்கிறோம், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு என்ற ஆறு விவரம் போதும். 'முழுசா கண்டுபிடிச்சுட்டு சொல்லலாம்' என்று இரண்டு மணி நேரம் கழிப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

4. ஆறாவதாகச் சொன்ன நேரத்துக்குப் புதிதாக ஒன்றும் தெரியாவிட்டாலும், 'இன்னும் தெரியவில்லை, 11 மணிக்குச் சொல்கிறேன்' என்று போய்ச் சொல்லுங்கள்.

5. பிறகு காரணம் தேடும்போது 'ஏன்' என்று ஐந்து முறை கேட்பார்கள். 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதினால் தாள் திரும்பி வரும். ஏன் கவனம் தப்பியது, மெஷின் ஏன் அதைத் தடுக்கவில்லை என்று அடுத்த கேள்வி வரும். யார் தலையையும் உருட்டுவதற்கான விசாரணை அல்ல அது. நாம் அதைக் குற்றப்பத்திரிகையாக எண்ணி ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கவோ மறைக்கவோ தொடங்கினால், அங்கே இரண்டாவது சண்டை தொடங்கும்.

இதற்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர் ஹோரென்ஸோ. ஹோகோக்கு என்றால் நிலவரம் அறிவிப்பது, ரென்ராக்கு என்றால் சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் தகவல் சேர்ப்பது, ஸோதான் என்றால் முடிவெடுக்கும் முன் கலந்து கேட்பது. நாம் தடுக்கி விழுவது ஸோதானில்தான். அதிகாரியிடம் போய்ச் சந்தேகம் கேட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்பார் என்று தயங்குகிறோம். அவரோ நீங்கள் ஒரு வாரமாக ஒன்றுமே கேட்கவில்லையே, வேலை நடக்கிறதா என்று கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்.

'முடியாது' என்று சொல்ல வேண்டி வந்தால், அந்த ஒற்றைச் சொல்லோடு நிற்காதீர்கள். "இன்று 50 முடியாது. 30 முடியும். மீதி 20 நாளைக் காலை பத்து மணிக்கு. இரண்டு ஆள் கூடுதலாகக் கிடைத்தால் இன்றே 50." இப்படிச் சொன்னால் அது மறுப்பே அல்ல, அவர் கையில் இரண்டு வழி கொடுக்கிறீர்கள். இதைத் தமிழில் ஒரு சீட்டில் எழுதி, ஆங்கிலத்தில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கடிகாரத்தையும் மறக்காதீர்கள். ஜப்பானும் கொரியாவும் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகின்றன. நமக்குப் பிற்பகல் இரண்டு மணி ஆகும்போது அங்கே மாலை ஐந்தரை. உங்கள் அதிகாரி பதினோரு மணிக்கே பதறுகிறார் என்றால், தலைமை அலுவலகம் வீட்டுக்குப் போவதற்குள் அவர் பதில் அனுப்ப வேண்டியிருக்கும். அவருக்குத் தேவையான எண்ணை மதிய சாப்பாட்டுக்கு முன் கொடுக்கப் பழகினாலே பாதிச் சத்தம் அடங்கிவிடும்.

ஜப்பானியர் வேறு, கொரியர் வேறு

இருவரையும் ஒன்றாக எண்ணுவது புதியவர்கள் செய்யும் இன்னொரு தவறு. ஜப்பானிய ஆலையில் முடிவு மெதுவாக வரும். கூட்டத்தில் ஒன்றும் முடிவாகாது. கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசி ஒப்புதல் வாங்குவார்கள். நெமவாஷி என்பார்கள். மரத்தை இடம் மாற்றி நடுவதற்கு முன் வேரைச் சுற்றிப் பதப்படுத்தும் தோட்டக்காரர் சொல் அது. உங்கள் யோசனையை முதல் தடவையாகக் கூட்டத்தில் போட்டு உடைத்தால், நல்ல யோசனையும் அமைதியில் செத்துப்போகும். முந்தைய நாளே தாளோடு போய் இரண்டு மூன்று பேரைப் பாருங்கள். முடிவாகிவிட்டால் அதன் பின் வேகம்தான், ஒரு எழுத்தையும் மாற்ற விடமாட்டார்கள்.

கொரிய ஆலையில் 'ப்பல்லி ப்பல்லி', அதாவது 'சீக்கிரம் சீக்கிரம்'. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு ரிப்போர்ட் கேட்டால், முழுமையாகச் செய்து நாளை தரலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் கரடுமுரடாக ஒரு தாளைக் காட்டுங்கள். அவர் சிவப்புக் கோடு போட்டுத் திருப்புவார், நீங்கள் திருத்துவீர்கள். அவர்கள் வேலை செய்யும் முறையே அதுதான். முடிவு காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று மாறவும் செய்யும். இதை ஏமாற்றாக எடுத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு மாற்றத்தையும் இரண்டே வரியில் மின்னஞ்சலாக அனுப்பி வையுங்கள்: 'இன்று 2:15க்குச் சொன்னபடி, முதலில் இதைச் செய்கிறேன், அது நாளைக்குப் போகிறது.' மூன்று அவசர வேலை ஒரே நேரத்தில் வந்தால் 'எது முதலில்?' என்று கேட்பது தவறல்ல. கேட்காமல் மூன்றையும் அரைகுறையாக விடுவதுதான் தவறு.

இரண்டு இடத்திலும் எட்டு மணிக் கூட்டம் என்றால் 7:55க்கு உட்கார்ந்திருக்க வேண்டும். பஸ் தாமதமானால் பஸ்ஸிலிருந்தே தகவல் சொல்லுங்கள்.

எல்லார் முன்னாலும் திட்டினால்

கொரிய ஆலைகளில் குரல் உயரும். அவர்களுக்குள்ளேயே அப்படித்தான் பேசிக்கொள்வார்கள், அரை மணி நேரத்தில் மறந்து சேர்ந்து சாப்பிடப் போவார்கள். நமக்கு அது அப்படி இல்லை. லைனில் பத்துப் பேர் பார்க்க, தன்னைவிட இளையவன் முன்னால் வசவு வாங்குவது மானப் பிரச்சினை. இரவு தூக்கம் வராது. அந்த வலி நியாயமானது, அதை 'அவங்க கல்ச்சர்' என்று விழுங்கத் தேவையில்லை.

அந்த நேரத்தில் எதிர்த்துப் பேசவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். சங்கடத்தில் நாம் சிரிப்போம், அவர் அதைக் கேலி என்று எடுத்துக்கொள்வார். 'பார்த்துவிட்டுச் சொல்கிறேன்' என்று மட்டும் சொல்லி வேலையைச் சரிசெய்யுங்கள். அன்றே, சூடு ஆறிய பின், மொழிபெயர்ப்பாளரையோ மூத்தவர் ஒருவரையோ வைத்துக்கொண்டு தனியாகப் பேசுங்கள். முதலில் தப்பு எவ்வளவு உங்களுடையது என்று ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு, "தப்பைச் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். எல்லார் முன்னாலும் சொன்னால் நாளைக்கு நான் இவர்களிடம் வேலை வாங்க முடியாது" என்று சொல்லுங்கள். மானத்தைப் பற்றிப் பேசுவதைவிட வேலை வாங்குவதைப் பற்றிப் பேசினால் அவருக்குச் சட்டென்று புரியும். மொழிபெயர்ப்பாளரிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லி வையுங்கள். நடுவில் நிற்கும் அவர் பயத்தில் உங்கள் பேச்சைச் சர்க்கரை தடவி மாற்றிவிடுவதுண்டு.

கை வைத்தாலோ, தள்ளினாலோ, பொருளை வீசினாலோ, கெட்ட வார்த்தை சொன்னாலோ அது கலாச்சார வேறுபாடு அல்ல. தேதி, நேரம், இடம், யார் பார்த்தார்கள் என்று எழுதி, மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள்.

துடைப்பம்

5எஸ் என்ற, வேலையிடத்தை ஒழுங்காகவும் சுத்தமாகவும் வைக்கும் ஜப்பானிய முறைக்கான பயிற்சியில் உங்கள் இடத்தை நீங்களே கூட்டித் துடைக்கச் சொல்வார்கள். 'பி.இ. படிச்சுட்டுக் கூட்டணுமா?' என்ற முணுமுணுப்பு அங்கே எழும். ஜப்பானில் மாணவர்கள் தங்கள் வகுப்பறையைத் தாங்களே துடைத்து வளர்ந்தவர்கள். துடைப்பதை ஒரு சோதனையாகவே பார்க்கிறார்கள். துணியால் துடைக்கும்போதுதான் எண்ணெய் கசிவதும் போல்ட் தளர்ந்திருப்பதும் கையில் தட்டுப்படும்.

நம் ஊரில் துடைப்பத்தின் மேல் சாதியின் சுமை ஏறியிருக்கிறது. யார் கூட்ட வேண்டும், யார் கூட்டக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாக விதித்த மண் இது. வெளிநாட்டு அதிகாரிக்கு அது தெரியாது. அதனால் அவர் கண்ணில் படாமல், கூட்டும் வேலை காண்ட்ராக்ட் ஆட்கள் தலையிலோ குறிப்பிட்ட சிலர் தலையிலோ மட்டும் போய் விழுந்துவிடும். பெயர்ப் பட்டியல் போட்டு, இன்ஜினியர் உட்பட எல்லாரும் முறை வைத்துச் செய்யும்படி கேளுங்கள். உங்கள் முறை வரும்போது முதல் ஆளாகத் துணியை எடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் பழக்கம் நம்முடையதைவிட மேலானது என்றே சொல்ல வேண்டும்.

லீவு

பெரியப்பா இறந்தால் நமக்கு அது நெருங்கிய சாவு. பல வெளிநாட்டு அதிகாரிகளுக்கு 'அங்கிள்' என்பது தூரத்து உறவு. ஒரே வருஷத்தில் மூன்று 'அங்கிள்' இறந்தால் பொய் என்று முடிவு கட்டிவிடுவார்கள். 'அங்கிள்' என்ற சொல்லையே விட்டுவிட்டு, 'அப்பாவின் அண்ணன், கொள்ளிச் சடங்கில் நான் நிற்க வேண்டும், இன்று அடக்கம், 16ஆம் நாள் காரியம், இந்த இரண்டு நாள் லீவு வேண்டும்' என்று சொல்லுங்கள்.

முன்பே தெரிந்த லீவுகளை வருஷத் தொடக்கத்திலேயே பட்டியலாகக் கொடுத்துவிடுங்கள். பொங்கல், தீபாவளி, ஊர்க் கோயில் திருவிழா, தங்கை கல்யாணம் எல்லாம் அதில் வரட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அன்று உங்கள் வேலையை யார் பார்ப்பார் என்று ஒரு பெயர் எழுதுங்கள். அந்த ஒரு பெயர் பாதி அனுமதியை வாங்கித் தந்துவிடும். அவர்களுக்கும் இப்படி நாட்கள் உண்டு: ஜப்பானியருக்கு ஏப்ரல் கடைசியில் தொடங்கும் பொன் வாரம், ஆகஸ்ட் நடுவில் முன்னோரை வணங்கும் ஓபோன்; கொரியருக்குச் சந்திர நாட்காட்டிப்படி வரும் 'சொல்லால்' என்ற புத்தாண்டு, 'சுசோக்' என்ற அறுவடைத் திருநாள். சுசோக்கில் ஊருக்குப் போய் முன்னோருக்குப் படையல் வைப்பார்கள். நம் படையலை அதோடு ஒப்பிட்டுச் சொன்னால் விளக்கமே தேவைப்படாது. ஆயுத பூஜைக்கு அவர்களை முன்கூட்டியே அழைத்து, மெஷினுக்கு ஏன் சந்தனம் வைக்கிறோம் என்று சொல்லுங்கள். பூசணிக்காய் உடைத்த துண்டுகளை மட்டும் உடனே அள்ளிவிடுங்கள். தரையில் கிடந்தால் வழுக்கும், 5எஸ் பார்க்கிறவர் கண்ணிலும் அதுதான் முதலில் படும்.

விருந்து

கொரியர்களின் ஹ்வேஷிக், ஜப்பானியர்களின் நோமிகாய் இரண்டும் வேலை முடிந்தபின் சேர்ந்து சாப்பிட்டுக் குடிக்கும் கூட்டங்கள். குடிக்காதவர் முதல் சுற்றிலேயே 'நான் குடிப்பதில்லை' என்று சொல்லி, கையில் ஜூஸை வைத்துக்கொண்டு, மற்றவர் கோப்பையை இரண்டு கையால் நிரப்பிக் கொடுத்தால் போதும். சைவம் என்றால் முன்னாலேயே சொல்லுங்கள். ஜப்பானியச் சூப்பில் மீன் சாறும் கிம்ச்சியில் இறால் உப்போ மீன் சாறோ பெரும்பாலும் இருக்கும். கறி இல்லை என்பதால் அது சைவம் ஆகிவிடாது. பெண்கள் போவதா வேண்டாமா என்பது அவர்கள் விருப்பம். போனால் திரும்பும் வண்டியை உறுதிசெய்த பின் போகலாம். ஊற்றிக்கொடுக்கச் சொல்லி வற்புறுத்துவதும் தொட்டுப் பேசுவதும் எந்த நாட்டுப் பழக்கமும் அல்ல. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம். விருந்து நடந்த இடம் ஹோட்டல் என்பதால் அது பொருந்தாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எது கலாச்சாரம் அல்ல

புதியவர்களை ஏமாற்றும் இடம் இது. சட்டப்படி வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் செய்யும் ஓடிக்கு (ஓவர்டைமுக்கு) இரட்டிப்புக் கூலி. ஓடி காசு குறைந்தால் அது 'எங்கள் நாட்டு உழைப்புப் பண்பாடு' ஆகாது, பாக்கிச் சம்பளம்தான். 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் நடந்த வேலைநிறுத்தத்தில் முன்வைக்கப்பட்டவை சங்க அங்கீகாரமும் ஊதிய உயர்வும். அவை உரிமைக் கேள்விகள். இரண்டு கையால் கார்டு கொடுக்கப் பழகுவதால் அவை தீராது. மறுபக்கம், அதிகாரி குனிந்து வணங்கவில்லை, சிரிக்கவில்லை என்பதை உரிமைப் பிரச்சினையாக்கவும் தேவையில்லை. சம்பளம், பாதுகாப்பு, உடம்பு இந்த மூன்றில் எதையாவது தொட்டால் உரிமை. பேசும் விதம், நேரம், சடங்கு என்றால் பெரும்பாலும் பழக்கம்.

மொழி படிக்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சென்னையிலேயே இடம் இருக்கிறது. ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் ஜப்பானிய மொழியும், இன்கோ சென்டர் கொரிய மொழியும் கற்றுத் தருகின்றன. ஜப்பானிய மொழித் தேர்வின் முதல் படி என்5. அந்த அளவு தெரிந்தாலே லைனில் ஒட்டியிருக்கும் எளிய எச்சரிக்கைகளை எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம்.

அதிகாரி மாறும்போது

வெளிநாட்டு அதிகாரிகள் வழக்கமாக மூன்று முதல் ஐந்து வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஜப்பானியர் மாற்றம் அவர்கள் நிதியாண்டு தொடங்கும் ஏப்ரலை ஒட்டியும், கொரியர் மாற்றம் வருஷ முடிவை ஒட்டியும் வருவது வழக்கம். கஷ்டப்பட்டுப் பழகிய புரிதல் எல்லாம் அவரோடு விமானம் ஏறிவிடும், புதியவரிடம் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். அதனால் பழையவர் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே அவரோடு உட்கார்ந்து ஒரே ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள்: உங்களை எந்தப் பெயரில் கூப்பிடுவது, முதல் தகவல் எத்தனை நிமிடத்தில், அதை யாரிடம் சொல்வது, தப்பை எங்கே வைத்துச் சொல்வது, வருஷ லீவுப் பட்டியல், துடைக்கும் முறை. அவர் கையெழுத்தோடு அவர் மொழியிலேயே இருக்கட்டும். புதியவர் வந்து இறங்கிய முதல் வாரம், டேபிளில் வேறு காகிதம் சேர்வதற்கு முன், அதை இரண்டு கையாலும் கொடுங்கள்.